முதலில் தண்ணீர்

ஆனி மாதத்து வெயில் பாகாலாவில் காலை எட்டு மணிக்கே பாறைக் குன்றுகளின் தோளில் ஏறிவிடுகிறது. காட்பாடியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகரைத் தரிசித்துவிட்டு, திருப்பதிக்குப் போகும் வழியில் அங்கே வண்டியை நிறுத்தினேன். தாமலச்செருவு மாங்காய் மண்டிக்குப் போகும் லாரிகள் கிளிமூக்கு மாங்காய்களைச் சுமந்துகொண்டு வரிசையாகப் போயின. ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் செம்புழுதி எழுந்து, சற்று நின்று, யோசித்து இறங்குவதுபோல் இறங்கியது.

டீ குடித்துவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தேன். சாய்ந்து விழுந்த வெயிலில் என் கறுப்பு வண்டியின் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள். நடுவில் சூரியனின் பிம்பம். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக, நூல் நூலாக எண்ணற்ற கோடுகள்.

வண்டி வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. முந்தைய ஆனியில் அதே காணிப்பாக்கத்தில்தான் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் சாமந்தி மாலை, பானெட்டில் சந்தனமும் குங்குமமும். அன்று முதல் விடியற்காலையில் எழுந்து, துணியை உதறி, வண்டியைத் துடைத்து முடித்த பிறகே எனக்குக் காபி. வேறு யார் கையும் அதில் பட விட்டதில்லை. பிறகு யார் கீறியிருப்பார்கள்?

டீக்கடையை ஒட்டி, தகரக் கொட்டகை போட்ட சிறிய வாட்டர் வாஷ் கடை ஒன்று இருந்தது. அதை நடத்துபவருக்கு அறுபது வயதிருக்கும். தெலுங்கின் சாயல் படிந்த தமிழ் பேசினார். அந்தப் பக்கத்தில் அது இயல்பு. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவானபோது, அதுவரை சித்தூரோடு இருந்த பாகாலா அதில் சேர்ந்தது. வரைபடத்தில் கோடுகள் நகர்ந்தாலும், அந்த மண்ணில் இரண்டு மொழிகள் ஒரே வாயில் குடியிருப்பது மாறவில்லை.

அவர் பானெட்டைத் தொடவில்லை. குனிந்து, பக்கவாட்டில் நின்று, வெயில் போகும் திசையிலேயே பார்வையை ஓட்டினார்.

"தினமும் தொடைப்பீங்களா சார்?"

"ஒருநாள்கூட விட்டதில்லை அண்ணா."

"தண்ணி ஊத்தாமலா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு குழந்தைக்கு அதன் சொந்தக் கையெழுத்தைக் காட்டுவதுபோல் சொன்னார்:

"இது உங்க கை போட்ட கோலம் சார்."

*

சுற்றிலும் நிற்கும் அந்தக் குன்றுகளைப் பாருங்கள். எத்தனையோ யுகங்களாக வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து உதிர்ந்துதான் அவை மண்ணாகின்றன. அந்த மண்ணில் குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் நுண்துகள்கள் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7. அது கண்ணாடியையே கீறக்கூடியது. அப்படிப்பட்ட துகள் இரவெல்லாம் வண்டியின் மேல் படிகிறது. படிவதால் ஒரு தீங்கும் இல்லை. பனியைப்போல் வந்து அமர்கிறது, அவ்வளவுதான். காலையில் நான் உலர்ந்த துணியோடு வந்து அழுத்தித் துடைக்கும்போதுதான் அந்தத் துகள் உளியாகிறது.

அழுக்கு கீறவில்லை. அழுக்கைப் போக்க வந்த கை கீறியது. அதுவும் அலட்சியமான கை அன்று. தினமும் விடியலில் எழுந்த, அன்பு மிகுந்த கை. அதற்குக் குறைந்தது ஒன்றே ஒன்று: துடைப்பதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீர்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் உவமை வருகிறது. கண்ணாடியை அழுக்கு மறைப்பதுபோல ஆசை அறிவை மறைக்கிறது என்பது அதன் கருத்து. அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மறைத்த அழுக்கைத் துடைத்தால் போதும் என்றே எண்ணி வந்திருக்கிறேன். எப்படித் துடைப்பது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணாடியின் மேலுள்ள தூசு ஒருநாள் போய்விடும். நாம் அவசரப்பட்டுத் துடைத்த தடம் தங்கிவிடும்.

கொட்டகையின் நிழலில் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மனம் வண்டியை விட்டு வேறு எங்கோ போயிருந்தது.

எனக்கு ஒரு தம்பி. ஆறு வயது இளையவன். திருப்பதியில்தான் இருக்கிறான். அப்பா போனபிறகு அவனை வளர்த்தது நான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்போடுதான் அவனிடம் பேசுவேன். கடன் வாங்கினால் ஏன் வாங்கினாய், வேலை மாறினால் ஏன் மாறினாய், பிள்ளையை அந்தப் பள்ளியில் ஏன் சேர்த்தாய் என்று ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு திருத்தம். முடிக்கும்போது மறக்காமல், "உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன்" என்பேன். அது பொய்யுமில்லை. அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். தை மாதத்திலிருந்து அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. அன்று திருப்பதிவரை போகிறவன் அவன் வீட்டுக்குப் போவதாக நினைத்திருக்கவும் இல்லை.

ஓராண்டு நான் துடைத்த பானெட் எதிரில் இருந்தது. எத்தனை ஆண்டுகள் அவனை உலர்ந்த துணியால் துடைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

*

அந்தக் கீறல்களைக் கடைக்காரர்கள் 'ஸ்விர்ல் மார்க்' என்கிறார்கள். சுழல் சுழலாகத் தெரிவதால் அந்தப் பெயர். கடைக்கார அண்ணன் கையில் ஒரு சிறிய டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு என்னை நிழல் பக்கம் கூப்பிட்டார்.

"வட்டம் எங்க இருக்கு பாருங்க சார்."

ஒளி விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் இருந்தது. டார்ச்சை ஒரு முழம் தள்ளினார். வட்டமும் ஒரு முழம் தள்ளிப் போனது. கதவுக்குக் கொண்டுபோனார். வட்டம் கதவுக்கு வந்துவிட்டது.

நம் வீட்டு எவர்சில்வர் தட்டிலும் இதைப் பார்க்கலாம். தேய்த்துத் தேய்த்துப் பழகிய தட்டை விளக்கடியில் பிடித்தால், பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்டமான கோடுகள் தெரியும். தட்டைச் சாய்த்தால் பிம்பம் நகரும், வட்டமும் கூடவே நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்குக்கும் நம் கண்ணுக்கும் வாகாக, குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டுமே ஒளியை நம் பக்கம் திருப்புகின்றன. மற்றவை இருட்டில் ஒதுங்கிவிடுகின்றன. அப்படித் தேர்ந்து மின்னுபவை எல்லாம் சேர்ந்து, விளக்கை நடுவில் வைத்து வட்டமிட்டதுபோல் ஒரு தோற்றம் காட்டுகின்றன. கீறல் வண்டியில் இருக்கிறது. வட்டம் வண்டியில் இல்லை.

இது புரிந்தபிறகு வெகுநேரம் நான் ஒன்றும் பேசவில்லை.

என் வாழ்வின் வருத்தங்களையெல்லாம் நான் எப்படிப் பார்த்து வந்திருக்கிறேன்? எல்லாம் என்னைச் சுற்றியே வளைத்துக் கட்டியவைபோல. தம்பி பேசாதது என்னை அவமதிக்க. உறவினர் வராதது என்னை ஒதுக்க. அலுவலகத்தில் நடந்தது என்னைத் தாழ்த்த. எங்கே போனாலும் வட்டத்தின் நடுவில் நான். அந்த வலி எதுவும் பொய் இல்லை. ஆனால் அவை என்னை மையமாக வைத்துப் பின்னப்பட்டவை என்பது என் விளக்கின் வேலை. அதே நிகழ்ச்சியின்மேல் தம்பி தன் விளக்கைப் பிடித்தால், வட்டத்தின் நடுவில் அவன் இருப்பான். அவனுக்கும் அது அத்தனை உண்மையாகத் தெரியும்.

பெரியவர்கள் அகந்தை என்று சொல்வதை ஏதோ மார்தட்டும் குணம் என்று நினைத்திருந்தேன். துன்பத்திலும் தன்னையே நடுவில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம்தான் அதன் நுட்பமான வடிவம் என்று அந்த டார்ச் வெளிச்சம் எனக்குக் காட்டியது. விளக்கை ஒரு முழம் நகர்த்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். தியானம் என்பதும் ஒருவேளை அந்த ஒரு முழம்தான்.

*

"வெள்ளை வண்டி வாங்கியிருக்கலாமோ அண்ணா?" என்று கேட்டேன்.

"வெள்ளையிலும் இதே கீறல்தான் சார் இருக்கும். அது காட்டாது."

வெள்ளை, தன்மேல் விழும் ஒளியை உள்ளிருந்து எல்லாப் பக்கமும் வாரி இறைக்கிறது. அந்தப் பிரகாசத்தில் மேற்பரப்பின் சிறு மினுக்கு கரைந்துபோகிறது. கறுப்போ உள்ளே வந்த ஒளியை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே மேற்பரப்பில் நடப்பது மட்டும், சிறு கோடும் விடாமல், கண்ணில் படுகிறது. கறுப்பு கூடுதலாகக் காயப்படுவதில்லை. மறைக்காமல் இருக்கிறது.

நம் கோயில்களில் கருவறையின் இருட்டில், கருங்கல் திருமேனியில், ஓர் எண்ணெய்த் தீபத்தின் அசைவுகூடத் தவறாமல் தெரிவது நினைவுக்கு வந்தது. தனக்கென ஒளி எதையும் இறைக்காத கருமை, எதிரே ஏற்றிய சிறு சுடரையும் தெளிவாகக் காட்டித் தருகிறது. மனம் இருண்டிருக்கும் நாட்களில் நம் குறைகள் அதிகமாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவை அன்று புதிதாகப் பிறந்தவை அல்ல. நம் பிரகாசம் அடங்கிய அந்த வேளையில்தான் அவற்றைப் பார்க்க முடிகிறது.

*

அண்ணன் வேலையைத் தொடங்கினார். வண்டியை முழு நிழலுக்குக் கொண்டுவந்து, தகடு சூடு ஆறும்வரை காத்திருந்தார். பிறகு தண்ணீர். மேலிருந்து கீழே, அழுத்தமில்லாமல், வெறும் தண்ணீர். புழுதி தானாகவே செந்நிறக் கோடுகளாக வழிந்து இறங்கியது. அதன்மேல் ஷாம்பு நுரையைப் பரப்பிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"இப்ப என்ன செய்யணும் அண்ணா?"

"இப்ப ஒண்ணும் செய்யக்கூடாது சார். அது ஊறணும்."

இரண்டு வாளிகள் வைத்திருந்தார். ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். கையுறைபோன்ற மென்துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பக்கம் துடைத்ததும், அதை வெறும் நீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் மீண்டும் ஷாம்பு நீருக்குக் கொண்டுபோவார். துடைத்தெடுத்த அழுக்கை அதே கையோடு அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. ஒரு மனிதரிடம் பட்ட கோபத்தை அலசாமல் அடுத்த மனிதரிடம் எடுத்துச் சென்ற நாட்களை நான் எண்ணிக்கொண்டேன். கை வட்டமாகப் போகவில்லை, நேர்கோட்டிலேயே போனது. ஒவ்வொரு அசைவும் நிதானமாக இருந்தது.

பிறகு களிமண்போன்ற ஒரு வில்லையை எடுத்து, சோப்பு நீர் தெளித்து வழுக்கவிட்டார். கழுவியும் போகாமல் பூச்சில் ஒட்டிக்கிடந்த நுண்துகள்களை அது பறித்துக்கொண்டது. ரப்பர் ஓரங்களிலும் விளிம்புகளிலும் காகித டேப் ஒட்டினார். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருக்கும், அங்கே இயந்திரம் படக்கூடாது என்றார். மனிதருக்கும் அப்படிப்பட்ட விளிம்புகள் உண்டு. அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இருப்பதிலேயே மென்மையான நுரைப் பஞ்சும், இருப்பதிலேயே மென்மையான பாலிஷும். அதைக் கொண்டு பார்த்தார். போதவில்லை. அடுத்த படி பாலிஷ். அதில் கீறல்கள் போயின. அதற்குமேல் கடுமையான காம்பவுண்டை அவர் திறக்கவே இல்லை. "மெத்துனு ஆகுற வேலையை முரட்டுத்தனமா செய்யக்கூடாது சார்."

சாம, தான, பேத, தண்டம் என்று நம் முன்னோர் ஒரு வரிசை வைத்தார்கள். இன்சொல்லில் தொடங்க வேண்டும், தண்டனை கடைசி. நாம் எத்தனை வீடுகளில் கடைசிப் படியில் ஆரம்பித்துவிட்டு, பிறகு இன்சொல்லுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்கிறோம்!

*

வண்டியின் மேல் இருக்கும் பூச்சு ஒன்றல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடிபோலத் தெளிந்த 'க்ளியர் கோட்'. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே இருக்கும் அந்தத் தெளிந்த அடுக்கு மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். முடியைவிட மெல்லிய அந்தத் தெளிவில்தான் நாம் முகம் பார்க்கிறோம்.

சுழல் கீறல்கள் அந்தத் தெளிந்த அடுக்கின் மேல்பரப்பில் சில மைக்ரான் ஆழத்துக்குத்தான் போகின்றன. கீழே நிறம் தொடப்படவே இல்லை. ஓராண்டு நான் கீறியும் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது. மங்கியது, அதை நான் பார்க்கும் வழி. ஆன்மா கறைபடாதது என்று கேட்கும்போதெல்லாம் அது எங்கோ தொலைவில் இருக்கும் ஒன்றைப் பற்றிய பேச்சாக எனக்குப் பட்டிருக்கிறது. அன்று அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சரி, கீறலை எப்படி எடுக்கிறார்கள்? கீறலை எடுக்கவே முடியாது. கீறல் என்பது ஒரு பள்ளம். இல்லாத ஒன்றை எப்படி எடுப்பது? சுற்றியிருக்கும் பரப்பை, மிகமிக மெல்ல, அந்தப் பள்ளத்தின் அடிமட்டம்வரை தாழ்த்துகிறார்கள். மேடு இறங்கியதும் பள்ளம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. காயத்தை நீக்குவது என்பது காயத்தோடு செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். அதைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் மேட்டோடுதான் வேலை. எனக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதில் எதையாவது கொட்டி நிரப்பிவிட முடியுமா என்றே பார்த்துவந்தேன். நான் கொஞ்சம் இறங்குவதைப் பற்றி யோசித்ததில்லை.

அண்ணனின் கையிலிருந்த இயந்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, அதோடு மையத்தை விட்டு அலைந்தும் சுழல்வது. ஒரே இடத்தில் சூடு தங்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அவர் கை அதை மெதுவாக நகர்த்தியது. இடமிருந்து வலமாக ஒருமுறை, மேலிருந்து கீழாக ஒருமுறை. வேகம் கூட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்:

"நிதானமே பிரதானம் சார்."

தெலுங்கில் அது அன்றாடம் புழங்கும் பழமொழி. தெலுங்கில் நிதானம் என்றால் மெதுவாக. தமிழில் நிதானம் என்றால் தடுமாறாத மனம். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் மனம் தடுமாறாமல் இருக்கும் என்பதை இரண்டு மொழிகளும் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றன. பாகாலாவில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாகவே ஒலித்தன.

*

ஒரு பகுதி முடிந்ததும், ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பிடித்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பும் பொருளும் இருக்கும். அவை கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். நாலைந்து முறை கழுவினால் உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும். அந்த எண்ணெயைப் போக்கிவிட்டுப் பார்த்தால்தான் செய்த வேலை உண்மையா என்று தெரியும்.

காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்யும் வழக்கம் நினைவுக்கு வந்தது. வழக்குள்ளவர்கள் திருக்குளத்தில் நீராடி, ஈரத்தோடு விநாயகர் முன் நின்று பிரமாணம் செய்வார்கள். அங்கே பொய் சொல்ல ஊர் அஞ்சும். மேலே பூசிக்கொண்ட எண்ணெயெல்லாம் அந்த நீரில் போய்விடுகிறது. உள்ளது உள்ளபடி நிற்க வேண்டியிருக்கிறது.

உள்ளதை உள்ளபடி பார்ப்பது என்பதையே வாழ்நாள் முழுக்கப் பேசியவர் ஒருவர் அந்தப் பக்கத்து மண்ணில்தான் பிறந்தார். பாகாலா சந்திப்பிலிருந்து தர்மாவரம் போகும் ரயில் பீலேரைக் கடந்து மதனப்பள்ளி ரோடு வழியாகப் போகிறது. மதனப்பள்ளியில் 1895 இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலகத்துக்கே குருவாக அவரை வளர்த்தார்கள். 1929 இல் அவர், அதற்காகவே உருவான அமைப்பைக் கலைத்துவிட்டு வெளியேறினார். தன்னைக் கண்டிக்காமலும் மெச்சாமலும் கவனிக்க முடியுமா என்பதே அவர் திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி. அண்ணன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. கீறலைக் கண்டு முகம் சுளிக்கவும் இல்லை, பளபளப்பைக் கண்டு மகிழ்ந்துவிடவும் இல்லை. பார்த்தார். தேவையானதைச் செய்தார். மீண்டும் பார்த்தார்.

இடது கதவில் ஒரு கீறல் மட்டும் நீளமாக இருந்தது. அதன் குறுக்கே விரல் நகத்தை ஓட்டினார். நகம் சிக்கியது.

"இதை விட்டுடலாம் சார். நகம் மாட்டுனா ஆழம்னு அர்த்தம். இதை எடுக்கணும்னு போனா மேல இருக்கிற தோலே தேஞ்சுடும். அப்புறம் வெயில் உள்ள போய் நிறத்தையே தின்னுடும்."

ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் அந்தத் தெளிந்த அடுக்கில் சில மைக்ரான் போய்விடுகிறது. அது திரும்ப வளராது. ஆகவே ஒரு வண்டியின் ஆயுளில் சில முறைதான் இதைச் செய்யலாம். உறவின் தோலும் அவ்வளவுதான். எல்லாவற்றையும் பேசித் தீர்த்து, மழமழவென்று ஆக்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் சில சமயம் அந்த உறவையே தேய்த்துவிடுகிறார்கள். நகம் மாட்டும் ஆழமான தழும்புகள் சில இருக்கும். அவற்றோடு வண்டி ஓடும்.

*

மத்தியான வெயில் இறங்கும்வரை வேலை நடந்தது. நான் கொட்டகையில் உட்கார்ந்து காணிப்பாக்கத்தின் கதைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்வையில்லாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேசாத ஒருவர் என மூன்று சகோதரர்கள் வறண்ட கிணற்றைத் தோண்டுகிறார்கள். இரும்பு எதன்மேலோ மோதுகிறது. ரத்தம் பீறிடுகிறது. அந்தக் கணத்தில் மூவரின் குறையும் நீங்குகிறது. உள்ளே விநாயகர். ஊரார் ஓடிவந்து தேங்காய் உடைக்கிறார்கள். அந்த இளநீர் காணி நிலம் முழுக்கப் பாய்ந்ததாம். ஊர்ப்பெயருக்கே அதுதான் காரணம் என்கிறது தலபுராணம். இரும்பு பட்ட காயத்துக்கு ஊர் தந்த மறுமொழி நீராக இருந்திருக்கிறது. அந்த மூர்த்தி இன்றும் கிணற்று நீரிலேயே வீற்றிருக்கிறார்.

அந்தக் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் பாகுதா. கையைத் தந்தவள் என்று பொருள். சங்கர், லிகிதர் என்ற சகோதர முனிவர்களின் கதை மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வருகிறது. தமையனின் தோட்டத்துக் கனியைக் கேட்காமல் தின்றுவிடுகிறார் தம்பி லிகிதர். இது திருட்டு, அரசனிடம் போய்ச் சொல் என்கிறார் தமையன் சங்கர். அரசன் சுத்யும்னன் தண்டிக்கிறான், தம்பியின் கைகள் வெட்டப்படுகின்றன. கையில்லாமல் திரும்பிய தம்பியிடம் தமையன், ஆற்றில் இறங்கி முன்னோருக்கு நீர்க்கடன் செய் என்கிறார். நீரில் மூழ்கி எழுந்தபோது கைகள் முளைத்திருந்தன. பாகுதாக் கரையில் மாம்பழத்தை வைத்தே இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

அந்தத் தம்பிக்காக நான் எப்போதும் வருந்தியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறை தமையனை நினைத்தேன். தம்பியின் தவறு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சொல்லவும் சொன்னார். ஆனால் தண்டிப்பது தன் வேலை இல்லை என்று விட்டுவிட்டார். கடைசியில் தம்பியைத் தண்ணீரிடம் அனுப்பியதுதான் அண்ணனாக அவர் செய்தது.

எங்கள் ஊர்க் கோயில் குருக்கள் சுவாமிமேல் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி நான் பார்த்ததில்லை. நீரை ஊற்றி, இளகவிட்டு, அது தானே விடும்போது கையால் ஏந்திக்கொள்வார். நானோ பூஜை போட்ட மறுநாளே, பானெட்டில் காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தவன். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாடத்தை ஐம்பது வயதுக்கு மேல் ஒரு தகரக் கொட்டகையில் கற்றுக்கொண்டேன்.

*

மாலையில் வண்டி நின்ற நிலையைப் பார்த்து எனக்குச் சொல் வரவில்லை. பானெட்டில் ஒரு வேப்பமரமும் அதற்கு மேலே ஒரு முழு வானமும் இருந்தன. மெழுகுப் பூச்சின் மேல் கடைசியாக ஒருமுறை மென்துணியை ஓட்டிவிட்டு அண்ணன் சொன்னார்:

"இது ஒண்ணும் காவல் இல்லை சார். நாளைக்கே வெறும் துணியால தொடைச்சா நாளைக்கே கீறும். முதல்ல தண்ணி. அப்புறம் கை."

சந்திரகிரிக் கோட்டையைக் கடக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திருப்பதிக்குள் நுழைந்ததும், கோயில் பக்கம் திரும்பாமல் தம்பியின் தெருவுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்திருந்தேன். எதையும் திருத்தக் கூடாது. எதையும் விளக்கக் கூடாது. முதலில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்க வேண்டும். அதுதான் என்னிடம் இருந்த ஒரு குவளைத் தண்ணீர்.

கதவைத் திறந்தவன் தம்பி. ஒரு கணம் என்னையே பார்த்தான். மீசையில் நரை கூடியிருந்தது. நான் வாயைத் திறக்கும்முன், "உள்ள வாண்ணா" என்று சொல்லிவிட்டு அவனே உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்பு இருந்தது. விளிம்புவரை தண்ணீர்.

வாங்கிக் குடித்தேன். அடுக்கி வைத்திருந்த எந்தச் சொல்லும் நினைவில் இல்லை. தெருவில் நின்ற வண்டியின்மேல் இரவின் புழுதி மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது.